இரவு விளக்கும் காற்றின் தூசும்

மார்கழி இரவில் தில்லி வீதி விளக்கைச் சுற்றி ஒரு மங்கல் வளையம் தோன்றக் காண்கிறோம். மின்சாரம் குறைந்ததென எண்ணிவிடுகிறோம். குறைந்தது மின்சாரமன்று; இடைநின்ற காற்றே மாசடைந்தது. இந்த எளிய காட்சியே விண்ணிலிருந்து அளக்கும் முறையாயிற்று.

1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா போன்ற துணைக்கோள்கள், தூசு சிதறடிக்கும் கதிரவன் ஒளியைக் கொண்டே அதனை அளந்தன. பொழுது சாய்ந்ததும் அக்கண் மூடிக்கொண்டது. குளிர்காலத்தில் தரையோடு படிந்த காற்று புகையை மேலெழவிடாது தேக்குவதோ இரவில்தான்!

அமெரிக்கப் படைத்துறையினர் நிலவொளியில் மேகம் காண அமைத்த துணைக்கோள்கள் 1970களிலேயே நகர விளக்குகளையும் படம்பிடித்தன. மேகம் தேடியவருக்கு விளக்கும் கிடைத்தது. 2008இல் வடக்கு டகோட்டாப் பல்கலைக்கழகத்தினர் அத்தகைய படங்களைக் கொண்டு இரவுத் தூசை மதிப்பிட முயன்றனர். 2011 அக்டோபர் 28இல் ஏவப்பட்ட சுவோமி துணைக்கோளில் இன்னும் கூரிய கருவி அமைந்தது. ஏறத்தாழ 830 கிலோமீட்டர் உயரத்தில், நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் அது நம்மைக் கடக்கும்.

தெளிந்த இரவில் ஒரு நகரின் ஒளி எவ்வளவென்று முன்னரே கணித்து வைப்பர். தூசு மிகுந்த இரவில் அது குன்றும். நகரின் ஒளிமிக்க பகுதிக்கும் மங்கிய பகுதிக்கும் உள்ள வேறுபாடும் மழுங்கும். அம்மழுங்கலிலிருந்து தூசின் திண்மை கணிக்கப்படும்.

நிலவும் மெல்லிய மேகமும் கணக்கைக் கலைக்கும். நாமும் கலைக்கிறோம்: மஞ்சள் சோடிய விளக்குகளை நீக்கி வெண்ணிற எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துகிறோம். நீல ஒளியைச் சரிவரக் காணாத அக்கருவிக்கு, காற்று தெளிந்திருப்பினும் அந்நகர் மங்கியதாகவே தோன்றக்கூடும்.