பருவநிலை நிதித்துறை: நம் பிள்ளைகள் என்ன படிக்கலாம்?

தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதும், அதனால் பற்களில் கறை படிந்து எலும்புகள் பாதிக்கப்படுவதும் நாம் அறிந்ததே. இதற்குத் தீர்வாக, ஜப்பானின் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. குழாய் பதித்தவர்களை ஊரார் பார்த்தார்கள். இத்தகைய திட்டங்களுக்கு அறிக்கை தயாரிப்பவர்கள், செலவைக் கணக்கிடுபவர்கள், சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராய்பவர்கள், தணிக்கை செய்பவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. அந்த மேசைகளில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும்.

பருவநிலை நிதி என்றால் என்ன?

வறட்சி, வெள்ளம், கடும் வெயில் ஆகியவற்றைத் தாங்கும் ஏற்பாடுகளுக்கும், சூரிய மின்சாரம் போல கரியமில வாயுவைக் குறைக்கும் திட்டங்களுக்கும் பணம் திரட்டி, செலவிட்டு, பலனை அளந்து காட்டுவதே பருவநிலை நிதி.

வேலை எங்கே?

2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை எட்டுவதாக இந்தியா 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் மின்சாரம், தண்ணீர், கழிவு, தொழிலாளர் நலன் பற்றி ஆண்டறிக்கை தர வேண்டும் என்பதை 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியது. இந்தக் கணக்கை எழுதவும் சரிபார்க்கவும் ஆட்கள் தேவை. 2023இல் கார்பன் வரவு வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நபார்டு வங்கி, ஐ.நா.வின் பசுமைப் பருவநிலை நிதியத்திலிருந்து நேரடியாக நிதி பெறும் தகுதி பெற்றது. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் உள்ளது.

என்ன படிப்பது?

பி.காம்., பொருளாதாரம், புள்ளியியல், சுற்றுச்சூழல் அறிவியல், வேளாண்மை, பொறியியல் ஆகிய எதிலிருந்தும் இத்துறைக்கு வரலாம். தர்மபுரி அரசு கலைக் கல்லூரியிலோ அரசு பொறியியல் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைக்கும் இது எட்டக்கூடியதே. எக்செல், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பழக்கம், உமிழ்வைக் கணக்கிடும் முறை ஆகிய மூன்றும் அவசியம். ஸ்வயம் தளத்திலும் ஐ.நா.வின் பருவநிலைக் கல்வித் தளத்திலும் இலவசப் பாடங்கள் உள்ளன. பட்டம் பெற்றபின் கார்ப் அமைப்பின் எஸ்.சி.ஆர். தேர்வை எழுதலாம். பொறியாளர்களுக்கு எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வு உண்டு.

வட்டி பற்றிய கேள்வி

நிதித்துறை என்றதும் பெற்றோர் தயங்குவது நியாயமானதே. வட்டியை எழுதுபவரையும் அதற்குச் சாட்சி சொல்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. இந்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிடத் தொடங்கிய பசுமைக் கடன் பத்திரங்களும் வட்டி தருபவையே. ஆனால் இத்துறை முழுவதும் வட்டி அல்ல. ஆலையின் புகையை அளப்பதும், நீர்ச் செலவைத் தணிக்கை செய்வதும், வறட்சி அபாயத்தை மதிப்பிடுவதும் வட்டி ஒப்பந்தம் எழுதுவது ஆகாது.

வட்டிக்கு மாற்றும் உண்டு. சுகூக் என்பது கடனுக்கு வட்டி தராமல், ஒரு சொத்தின் வாடகையிலோ இலாபத்திலோ பங்கு தரும் சான்று. மலேசியாவில் 2017இல் சூரிய மின் திட்டத்துக்காகப் பசுமை சுகூக் வெளியானது. 2018 மார்ச்சில் இந்தோனேசிய அரசு 125 கோடி டாலருக்குப் பசுமை சுகூக் வெளியிட்டது. ஃபிக்ஹும் கணக்கும் சேர்ந்து தெரிந்தவர்களுக்கு இங்கே தேவை இருக்கிறது. மதரஸாவில் ஓதிக்கொண்டே பட்டம் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேலைக்கான அழைப்பு வந்தால், பதவியின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அன்றாடம் செய்ய வேண்டிய பணிகளைக் கேட்டு எழுதி வாங்கி, அதை விவரமறிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டிய பின் சேருங்கள். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் பேச்சை இப்போதே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.