குண்டசாலை அரசனின் மௌனமும் தவளக்காரரின் உப்பும்

குண்டசாலை என்றதும் இன்று பலருக்கு அங்குள்ள விவசாயக் கல்லூரிதான் ஞாபகம் வரும். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன், மகாவலிக் கரையிலுள்ள இந்த ஊரைத்தான் தனது வாசஸ்தலமாக்கிக் கொண்டான். கண்டியே தலைநகராக இருந்தது. தந்ததாதுவும் அங்கேதான் இருந்தது. அரசன் மட்டும் நகரை விட்டுச் சற்றுத் தள்ளிப் போய் இருந்தான். மக்கள் அவனை 'விளையாட்டு ராஜா' என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவனது அரசவை ஒல்லாந்தருடன் நடத்திய வியாபாரத்தைப் பார்த்தால், ஒதுங்கியிருப்பதன் பெறுமதியை அது நன்றாக அறிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

"பொருளைக் கொஞ்சம் பின்னால் இழு, பேசாமல் இரு, வாங்குபவன் தேடி வருவான்" என்று சந்தைப்படுத்தல் பற்றி எழுதுவோர் இன்று புதிதாகக் கண்டுபிடித்தாற் போலச் சொல்கிறார்கள். கண்டியில் இது பழைய கதை.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைத் துறைமுகங்கள் ஒல்லாந்தக் கம்பனியின் கைக்குள் போயின. கண்டி கடலற்ற நாடாயிற்று. ஆனாலும் கம்பனி தேடிய இரண்டு பொருள்கள் மலைநாட்டு எல்லைக்குள் இருந்தன. ஒன்று கறுவா. மற்றது தென்னிந்தியக் கரைகளுக்குக் கப்பலேறிய பாக்கு. அரச நிலத்தில் கறுவா உரிக்க அனுமதி கேட்டு, ஆண்டுதோறும் கொழும்பிலிருந்து பரிசில்களோடு தூது வரும். அந்தத் தூதர்களை வழியிலேயே காக்க வைப்பார்கள். பேட்டி கிடைத்தாலும் அது இரவில்தான், அதுவும் மண்டியிட்டு. பதில் உடனே வராது. பிணக்கு முற்றினால் கரைநாட்டுக்கு இறங்கும் பாதைகளின் காவல் வாயில்கள், அதாவது கடவத்தைகள், மூடப்படும். பாக்கு கீழே இறங்காது. யுத்தமும் இல்லை, ஏச்சும் இல்லை. புத்தளம் போன்ற துறைகளைத் திறந்துவிடு என்ற கோரிக்கை மட்டும் அந்த மௌனத்துக்குப் பின்னால் நிற்கும். நரேந்திரசிங்கன் காலத்திலும் இது நடந்தது.

வரலாற்று நூல்கள் இதை அரசனின் இராஜதந்திரமாகவே எழுதுகின்றன. கடவத்தையில் நின்றுபோன மாடுகள் யாருடையவை என்று அவை அதிகம் கேட்பதில்லை.

தவளம் ஓட்டியோரில் பெரும்பகுதியினர் முஸ்லிம்கள். இருபுறமும் பொதி சுமந்த மாடுகளை வரிசையாக ஓட்டிப் பாக்கைக் கீழே இறக்குவார்கள். திரும்பும்போது உப்பும் கருவாடும் புடைவையும் மேலே வரும். அரசின் போக்குவரத்துப் பிரிவான மடிகே பத்தயில் சேவை செய்ய வேண்டியிருந்தவர்களும் இவர்களே. குண்டசாலைக்கு அயலிலுள்ள பாத்ததும்பறையில் உடதலவின்ன மடிகே என்ற நமது ஊரின் பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கடவத்தை மூடியபின் இவர்கள் நிலை என்ன? மாடு நடந்தாலும் நின்றாலும் தீனி தின்னும். கட்டிக் கிடக்கும் பாக்கைப் பூச்சி அரிக்கும். உப்பு வராவிட்டால் மலைநாட்டு அடுப்படியில் முறைப்பாடு எழும்பும், அது உப்புக்காரனின் தலையில்தான் விடியும். அரசனுக்கு மௌனம் இலவசம். தவளக்காரனுக்கு அது நாட்கூலி நட்டம். கண்டி மன்னர்களுக்கு நாம் எவ்வளவு விசுவாசமாக இருந்தோம் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். பேசுவதில் தவறில்லை. லோர்னா தேவராஜா போன்றோர் அந்த உறவை உரியவாறு பதிந்தும் இருக்கிறார்கள். ஆனால் விசுவாசத்துக்குக் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதி வரலாறுதான்.

இந்த உபாயத்துக்கு ஒரு பலவீனம் இருந்தது. பாக்கை அரசன் மறிக்கலாம், உப்பைக் கம்பனி மறிக்கலாம். பாக்கில்லாமல் வாய்தான் சிவக்காது. உப்பில்லாமல் சோறு இறங்காது.

நரேந்திரசிங்கனுக்குப் பின் நாயக்கர் வம்சம் வந்தது. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், 1761இல், பிணக்கு யுத்தமாயிற்று. 1765இல் ஆளுநர் வான் எக் கண்டிக்குள் நுழைந்தபோது அரசன் அங்கில்லை. ஆளில்லாத நகரைக் கொள்ளையிட்டதோடு சரி, படை அங்கு நிலைக்க முடியாமல் அதே ஆண்டில் கீழே இறங்கியது. விலகிப் போகும் தந்திரம் போர்க்களத்தில் வென்றது. 1803இல் ஆங்கிலேயரும் வெறும் நகரைத்தான் பிடித்தார்கள், அவர்களுக்கு நேர்ந்தது இன்னும் மோசம்.

சந்தையில் கதை வேறு. 1766 பெப்ரவரி 14இல் எழுதிய உடன்படிக்கையில் கண்டி கடற்கரை முழுவதையும் இழந்தது. கறுவா உரிக்க ஆண்டுதோறும் வந்து மண்டியிட வேண்டிய அவசியமும் கம்பனிக்கு இல்லாமற் போயிற்று. கண்டியர் சிலாபம், புத்தளம் முதலிய இடங்களில் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசகம் அதில் உண்டு. தவளக்காரருக்கு அந்த உடன்படிக்கையில் கிடைத்தது அவ்வளவுதான், அதுவும் அவர்கள் பெயரைச் சொல்லாமல். வான் எக்குக்குப் பின் வந்த ஆளுநர் பால்க் அத்தோடு நிற்கவில்லை. 1769இல் கொழும்பு மருதானையில் கறுவாவைத் தோட்டமாகவே நட்டுப் பார்த்தார். காட்டில்தான் நல்ல கறுவா விளையும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். மருதானை மண்ணிலும் அது செழித்தது.