எத்தனை காலம் காத்திருப்பாள்?

இஸ்லாமியச் சட்டம் கல்லில் பொறிச்சது, அன்னைக்கு இருந்தபடியே இன்னைக்கும் இருக்குன்னு எதிரணி நண்பர் அழகாகப் பேசிட்டுப் போனார். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். வெளியூர் போன புருஷன் திரும்பி வரலை. இருக்கானா, இல்லையா, தெரியாது. அந்தப் பொண்ணு எத்தனை காலம் காத்திருக்கணும்?

சுன்னி முஸ்லிம்களிடம் நான்கு மத்ஹபுகள், அதாவது சட்ட மரபுகள் உண்டு. வட இந்தியாவில் பெரும்பாலோர் ஹனஃபி. அந்தப் பழைய நூல்களில் ஒரு கருத்து: அவனுக்கு 90 வயசு ஆகிற வரைக்கும்! அதுக்குள்ளே இவளே கிழவி ஆயிடுவாளே ஐயா! (சிரிப்பு)

வேறு வழி தெரியாமல் மதத்தையே விட்ட பெண்களும் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி யோசித்தார். அவரும் ஹனஃபி அறிஞர்தான். ஆனால் மாலிக்கி மரபைப் புரட்டினார். அங்கே 4 வருஷக் கெடு. கஷ்டத்தில் இருக்கிற பெண்ணுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்.

1939-இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. 4 வருஷம் புருஷனைப் பற்றித் தகவல் இல்லையா, 2 வருஷம் சோறு துணிக்கு வழி செய்யலையா, மனைவி நீதிமன்றத்தில் விடுதலை கேட்கலாம். இன்றைக்கும் அந்தச் சட்டம் இருக்கு.

வேதம் மாறலைங்க. அதைப் படிச்சவர் ஒரு பொண்ணோட கண்ணீரையும் சேர்த்துப் படிச்சார். அதுதான் வளர்ச்சி! (கைதட்டல்)