பண் சொன்னவள்

கடலூரில் உறவினர் வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய ஒலிநாடாக்கள் இருந்தன. அனைத்தும் தேவாரம். அவற்றைக் கணினிக்கு மாற்றியபோது நாற்பத்தொரு எம்பி3 கோப்புகள் கிடைத்தன. 'ட்ராக் 01', 'ட்ராக் 02' என்ற எண்களைத் தவிர வேறு குறிப்பு எதுவும் அவற்றில் இல்லை. எந்தத் தலத்துப் பதிகம், என்ன பண், பாடிய ஓதுவார் யார், ஒன்றும் தெரியவில்லை. ஒலியைக் கேட்டுப் பாடலைச் சொல்லும் ஷசாம் போன்ற செயலிகளும் கைவிட்டன. அவை தம் கிடங்கில் ஏற்கெனவே உள்ள ஒலிப்பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பவை. விற்பனைக்கே வராத ஒரு பதிவு அங்கே எப்படி இருக்கும்?

இந்தச் சிக்கல் கடலூர் மாவட்டத்துக்குப் புதிதன்று. தமிழிசை வரலாற்றில் இதற்கு மிகப் பழைய முன்னோடி ஒன்று இங்கேயே உண்டு.

உமாபதி சிவம் இயற்றியதாகக் கருதப்படும் திருமுறை கண்ட புராணம் அக்கதையைச் சொல்கிறது. மூவர் பதிகங்களைத் தேடிய சோழ மன்னனுக்குத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி, சுவடிகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் இருப்பதை உணர்த்துகிறார். அம்மன்னனை முதலாம் இராசராசன் (985–1014) எனப் பலரும் கொள்வர். மூவரும் வந்தாலன்றி அறை திறக்காது என்று தில்லைவாழ் அந்தணர்கள் கூற, மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பிக்கிறான். சுவடிகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் வார்த்துப் புற்றை நீக்கியபோது எஞ்சியவை சிலவே.

பலரும் கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். ஆனால் நம்பிக்கு அப்போதுதான் அடுத்த இடர் தோன்றியது. ஏட்டில் சொற்கள் இருந்தன; இசை இல்லை. பண் தெரிந்தவரைத் தேடி அவர்கள் சென்ற ஊர் எருக்கத்தம்புலியூர். விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள இன்றைய இராசேந்திரப்பட்டினம் அதுவே. சம்பந்தரின் பதிகங்களை யாழில் இசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். அவர் மரபில் வந்த ஒரு பெண் தில்லைக்கு வந்து, பதிகங்களுக்குப் பண் வகுத்துக் கொடுத்தாள். ஏடுகள் கோயில் அறைக்குள் செல்லரித்துக் கிடந்தபோது, இசை ஒரு பாணர் குடும்பத்தில் வாய்வழியாக உயிரோடிருந்தது என்பதே இதன் பொருள்.

இக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது. மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே திருப்பதியம் பாடுவோரைக் குறிக்கிறது. ஆகவே பாடும் மரபு முற்றும் அற்றுப்போகவில்லை. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடன் முழக்க இருவரையும் நியமித்ததும் கல்வெட்டுச் செய்தி. சிதறிக் கிடந்ததைத் தொகுத்து ஒழுங்குபடுத்திய நீண்ட பணி ஒன்றையே புராணம் ஒரு கதையாகச் சுருக்கியது எனலாம்.

அந்த ஒழுங்கின் அருமை என் கோப்புகளுடன் அமர்ந்தபோதுதான் விளங்கியது. சொற்களைக் கேட்டுப் பதிகத்தை அச்சு நூலில் கண்டுபிடிப்பது எளிது. இராகத்தை மட்டும் கொண்டு பண்ணைச் சொல்லிவிட முடியாது. நவரோசு ஒலித்தால் அது காந்தாரமாக இருக்கலாம். பியந்தைக்காந்தாரம், கொல்லி, கொல்லிக்கௌவாணம் ஆகியவற்றுள் ஒன்றாகவும் இருக்கலாம். மாயாமாளவகௌளை என்றால் இந்தளப் பண்ணா, திருக்குறுந்தொகையா என்று ஐயம் எழும். அப்பர் பதிகங்கள் பலவற்றுக்குப் பண்ணின் பெயரே இல்லை. திருவிருத்தம், திருக்குறுந்தொகை, திருத்தாண்டகம் என யாப்பின் பெயரே உண்டு.

அப்பர் கல்லோடு கடலில் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். கடலில் பாடியதாகச் சொல்லப்படும் நமச்சிவாயப் பதிகத்துக்குக் காந்தாரபஞ்சமம் என்ற பண் குறிப்பு உண்டு. கரையேறிப் பாடியது திருவிருத்தம். அதற்குப் பண் குறிப்பு இல்லை. ஏடு சொல்லாத அதன் இசையை ஓதுவார்களின் தொண்டையே காத்து வந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இத்தேடலுக்குச் சிதம்பரமே மீண்டும் களமாயிற்று. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. சென்னையில் 1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கம் பண்ணாராய்ச்சியை ஆண்டுதோறும் நடத்தலாயிற்று. அப்பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஈழத்து விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947இல் அரங்கேறியது.

இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்பவள் அந்த எருக்கத்தம்புலியூர்ப் பெண். நீலகண்டர் மரபினள் என்று சொல்லும் புராணம் அவள் பெயரைச் சொல்லவில்லை. பதிகங்களுக்கெல்லாம் பண்ணின் பெயர் சொன்னவளுக்குப் பெயரில்லை.

என் நாற்பத்தொரு கோப்புகளில் முப்பத்தாறுக்குத் தலமும் பண்ணும் எழுதிவிட்டேன். பாடியவர் என்ற இடம் மட்டும் நாற்பத்தொன்றிலும் வெற்றாகவே நிற்கிறது. குரல் ஒருவருடையதே, முதிர்ந்த குரல், இடையில் ஒருமுறை இருமுகிறார். அவர் பெயரை அறிந்தவர் எவரேனும் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் இன்னும் இருக்கக்கூடும். அடுத்த வாரம் சென்று கேட்க வேண்டும்.