‘கிவ் அப்’: ஒரு கூட்டுவினையின் வரலாறு

ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்னும் வினையும் ‘அப்’ என்னும் சிறுசொல்லும் கூடி நிற்கும் ‘கிவ் அப்’ என்பதற்கு, மொழிபெயர்ப்பு வகுப்புகளில் ‘கைவிடு’ என்னும் ஒரே பொருளைக் கற்பித்து அமைகிறோம். அதன் வரலாறோ வேறொரு பொருளிலிருந்து தொடங்குகிறது.

பழைய ஆங்கிலத்தில் வினைக்கு முன்னொட்டுச் சேர்த்துப் புதுப்பொருள் உணர்த்துவது பெருவழக்கு. காலப்போக்கில் முன்னொட்டுகள் வலிவிழக்க, ‘அப்’, ‘அவுட்’ போன்ற சிறுசொற்கள் வினைக்குப் பின்னே வந்து நின்றன. இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியும் இம்மாற்றத்திற்குத் துணைசெய்தது என்பர். ‘கிவ்’ என்பதன் முதலிலுள்ள வல்லோசையே அவர்கள் தந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் அது யகரமாக ஒலித்தது.

பீட்டர்பரோ மடத்து வரலாற்றேட்டில், 1132ஆம் ஆண்டுக் குறிப்பில் இக்கூட்டுவினையைக் காண்கிறோம். அரசர் முதலாம் ஹென்றி, மடத்தலைவரைப் பதவியை விடச்செய்து நாட்டைவிட்டே வெளியேற்றினார் என்பது செய்தி. இங்கே மனந்தளர்தலுக்கு இடமேயில்லை. கையிலிருந்ததை ஒப்படைத்தலே பொருள். நார்மானியர் ஆட்சிக்குப்பின் பிரெஞ்சு வழியாக வந்த ‘சரண்டர்’ என்னும் சொல்லுக்குள்ளும் ‘திருப்பிக்கொடு’ என்னும் வினையே அடங்கியிருக்கிறது. முயற்சியை விட்டுவிடுதல், நம்பிக்கை இழத்தல் ஆகியன இவ்வொப்படைத்தலிலிருந்து கிளைத்த பொருள்கள்.

1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இவ்வகை வினைகளே அயல்மொழியாரைப் பெரிதும் இடர்ப்படுத்துவன என்று முன்னுரையில் குறித்து, அவற்றைத் தனிக்கவனத்துடன் தொகுத்தார். அவர் சொன்ன இடர் நம் மாணவர்க்கும் உரியதே.

முதியவருக்கு இருக்கையை நாம் ‘விட்டுக்கொடுக்கிறோம்’; கைவிடுவதில்லை. தேடப்படுபவர் காவல்துறையிடம் ‘சரணடைகிறார்’. இரட்டைக் குடியுரிமையை ஏற்காத சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், வேற்றுநாட்டுக் குடியுரிமை பெறுபவர் முன்னதைத் ‘துறக்கிறார்’. புகைப்பழக்கத்தை ‘விடுகிறோம்’. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘கிவ் அப்’ ஒன்றே போதும். தமிழ் இங்கே நுட்பம் மிக்கது என்பது நம் கருத்து. பெறுபவர் ஒருவர் வாக்கியத்தில் உளரா என்று முதலில் பார்க்கச் சொன்னால், மாணவர் பாதிப் பிழைகளைத் தவிர்த்துவிடுவர்.

சில பிழைகள் மதிப்பெண்ணோடு முடிவதில்லை. வளர்க்க வழியற்ற தாய் தன் பிள்ளையை முறைப்படி வேறொரு குடும்பத்திடம் ஒப்படைப்பதையும் ஆங்கிலம் ‘கிவ் அப்’ என்றே சொல்லும். ‘தத்துக்கொடுத்தாள்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கைவிட்டாள்’ என்று செய்தியில் அச்சேறினால், செய்யாத குற்றமொன்று அவள்மேல் ஏறிவிடுகிறது.