சிரைவழி மருந்துகளின் பௌதிக இணக்கச் சோதனை

சிரைவழியாக ஒன்றாகச் செலுத்தப்படும் மருந்துகள் கலக்கும்போது வீழ்படிவு, கலங்கல், நிறமாற்றம், வாயுக்குமிழ் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றுகிறதா என்று பார்க்கும் ஆய்வகச் சோதனை. மருந்தின் வீரியம் குறைந்ததா என்பதை இது சொல்லாது. அது வேதிச் சோதனையின் வேலை.

பெரும்பாலான மோதல்களுக்குக் காரணம் அமில-காரத் தன்மை. வலிப்புக்கான ஃபெனிடாயின் ஊசி மருந்தின் பிஎச் 12-ஐ ஒட்டியது. அந்தக் காரத்தன்மையில்தான் அது கரைந்து நிற்கும். அமிலத்தன்மையுள்ள குளுக்கோஸ் பாட்டிலில் சேர்த்தால் படிகமாகப் பிரிந்துவிடும்.

சிதறிக் கிடந்த இத்தகைய தகவல்களை லாரன்ஸ் டிரிஸெல் தொகுத்த ஊசி மருந்துக் கையேடு 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதே ஆண்டில் ஆலனும் அவர் குழுவினரும், ஒய் வடிவ இணைப்பில் சந்திக்கும் இரு மருந்துகளைச் சோதனைக்குழாயில் சம அளவில் கலந்து பார்க்கும் முறையை வெளியிட்டனர். இன்றும் வழக்கம் அதுதான்: இதில் 5 மி.லி., அதில் 5 மி.லி.; கலந்ததும் ஒருமுறை, பிறகு நான்கு மணி நேரம் வரை அவ்வப்போது, கறுப்பு, வெள்ளைப் பின்னணிகளில் உற்றுப் பார்ப்பார்கள். வெறுங்கண்ணுக்குத் தப்புவதை, கரைசலினூடே பாய்ச்சும் டிண்டால் ஒளிக்கற்றை காட்டிக்கொடுக்கும். கலங்கல்மானி வந்தபின் பார்வைக்கு எண்ணும் துணை சேர்ந்தது. டிரிஸெல் குழுவினர் 0.5 கலங்கல் அலகு மாற்றத்தையே இணக்கமின்மை என்று கொண்டனர்.

கண்ணை நம்புவதன் எல்லை 1994-இல் வெளிப்பட்டது. சிரைவழி ஊட்டக் கரைசலில் உருவான கால்சியம் பாஸ்பேட் படிவு இருவர் உயிரைப் பறித்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பிரேதப் பரிசோதனையில் நுரையீரலின் நுண்குழாய்களில் படிவு அடைத்திருந்தது தெரிந்தது. கரைசலில் பால்போன்ற கொழுப்புக் குழம்பும் இருந்தால், படிவு எங்கே கண்ணில் படும்? கொழுப்பு கலந்தவற்றுக்கு 1.2 மைக்ரான் வடிகட்டி பரிந்துரைக்கப்பட்டது இதன் பிறகுதான். தாமதமான பாடம் என்றே சொல்ல வேண்டும்; கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் படியும் என்பது பழைய வேதியியல்.

2007-இல் செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து குறித்த எச்சரிக்கை வந்தது. கால்சியத்துடன் அது சேர்ந்து உண்டான படிகங்கள், இறந்த பச்சிளங்குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் காணப்பட்டிருந்தன. 2009-இல் அந்த எச்சரிக்கை திருத்தப்பட்டது: 28 நாளைத் தாண்டியவர்களுக்கு, இடையில் குழாயை நன்கு அலசிவிட்டு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம், சிரைவழிக் கால்சியம் தேவைப்படும் பச்சிளங்குழந்தைகளுக்கு செஃப்ட்ரியாக்சோன் கொடுக்கவே கூடாது.