எளிய கருவிகளில் உருவான மின்னியல் பாடங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

மின்னியல் பாடம் என்றவுடன் படப்பிடிப்புக் கூடமும் அசைவூட்டமும் பெருஞ்செலவுமே ஆசிரியர் பலரின் நினைவிற்கு வருகின்றன. இவை கைவரப்பெறாமையால் முயற்சியையே கைவிடுவோரும் உளர். செலவு மிகுந்தால்தான் பாடம் சிறக்கும் என்னும் இவ்வெண்ணத்திற்கு வரலாறு இடந்தருகின்றதா என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

2001ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வெளியிடப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டு வெளிவந்த முதல் 50 பாடங்களில் விரிவுரைக் குறிப்புகளும் பயிற்சிகளும் தேர்வுத் தாள்களுமே பெரும்பான்மை. கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித விரிவுரைகளோ 1999இல் வகுப்பறையிலேயே ஒளிப்பதிவு செய்யப்பட்டவை. கரும்பலகை, வெண்கட்டி, விடையை முந்திச் சொல்லாமல் மாணாக்கர் முன் எண்ணிக் காட்டும் ஆசிரியர், அவற்றில் வேறொன்றுமில்லை. இன்றும் அவை உலகெங்கும் பார்க்கப்பட்டு வருகின்றன.

அதே 2001இல் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், தொடங்கப்பெற்றது. அதன் பட்டப்படிப்புப் பாடங்களில் பெரும்பகுதி எழுத்தே. தோற்றக் கவர்ச்சி குறைவு என்று குறை கூறுவோர் உண்டு. எனினும் அவற்றின் கட்டமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. தான் கூறவிருப்பதையும் அதனால் விளையும் பயனையும் பாடம் முதலிலேயே அறிவிக்கின்றது. பின்னர்ச் சிறு பகுதிகளாகப் பிரிகின்றது. இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்கள் அமைகின்றன. கற்போர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் இவ்வாய்ப்பை எழுத்தைத் தவிர வேறு கருவியின்றி அப்பாடங்கள் அளித்தன.

2004இல் பாஸ்டன் நகரில் முதலீட்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய சல்மான் கான், நியூ ஓர்லியன்சில் இருந்த உறவுச் சிறுமிக்குத் தொலைபேசி வழியாகவும் இணைய வரைபலகை வழியாகவும் கணிதம் கற்பித்தார். 2006இல் அப்பாடங்களை யூடியூபில் ஏற்றத் தொடங்கினார். கருந்திரை, வண்ணக் கோடுகள், ஒரு குரல். ஆசிரியர் முகம்கூட இல்லை. அத்தளம் அந்நாளில் ஏறத்தாழ 10 நிமிடத்திற்கு மேற்பட்ட பதிவுகளை ஏற்கவில்லை. ஆதலால் ஒரு பதிவிற்கு ஒரு கருத்து என்னும் ஒழுங்கு அமைந்தது. தளத்தின் வரம்பே கற்பித்தல் முறையாயிற்று எனலாம்.

இவ்வனுபவங்களைப் பேரளவில் அளந்து பார்க்கும் வாய்ப்பு 2014இல் கிட்டியது. பிலிப் குவோ, ஜுஹோ கிம், ராப் ரூபின் ஆகிய மூவரும் எட்எக்ஸ் தளத்தின் 4 பாடங்களில் பதிவான 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தனர். 6 நிமிடத்திற்குட்பட்ட பதிவுகளே மிகுதியாகப் பார்க்கப்பட்டன. பெருஞ்செலவில் கூடத்தில் பதிந்தவற்றைவிட, ஆசிரியர் தம் மேசையருகே அமர்ந்து இயல்பாகப் பேசியவை கூடுதல் ஈடுபாட்டைப் பெற்றன. கையால் எழுதிக்காட்டிய பதிவுகளும் படவில்லைகளை விஞ்சின. ஆனால் அவர்கள் அளந்தது ஈடுபாட்டையே: எவ்வளவு நேரம் பார்த்தனர், அடுத்துள்ள பயிற்சியைச் செய்ய முற்பட்டனரா என்பவற்றை மட்டுமே. கற்றதன் ஆழத்தை அவ்வெண்கள் காட்டமாட்டா.

வகுப்பறை விரிவுரையைப் பதிந்து பின்னர்த் துண்டாக்கினால் ஈடுபாடு குறையும் என்பதும் அவ்வாய்வின் முடிவு. ஸ்ட்ராங்கின் நெடிய விரிவுரைகள் இதற்கு முரணாகத் தோன்றலாம். அவருடைய வெண்கட்டியும் கானின் மின்பேனாவும் ஒரே பணியைச் செய்கின்றன என்பதே என் கருத்து. எண்ணம் உருவாகும் வேகத்திலேயே எழுத்தும் எழுகின்றது. முன்னரே நிறைவுசெய்யப்பட்ட படவில்லையில் அந்த நகர்வு இல்லை.

அந்நான்கு பாடங்களும் அறிவியல், புள்ளியியல், கணினி சார்ந்தவை, மொழிப்பாடம் ஒன்றுமில்லை. எனவே தமிழ்க் கற்பித்தலுக்கு அம்முடிவுகளை அப்படியே பொருத்துதல் சரியன்று. பொன், குடம் என்னும் சொற்கள் பொற்குடம் எனப் புணர்வதை விளக்கக் கானின் முறை நன்கு பொருந்தும். னகரத்தை அடித்து றகரம் எழுதுவதை மாணாக்கர் கண்ணெதிரே காண்பர். ழகர, ளகர வேறுபாட்டிற்கு அது மட்டும் போதாது. நா மடங்கும் இடம், முகத்தைப் படம்பிடித்தாலும் புலப்படாது. கையால் வரைந்த வாயின் குறுக்குத் தோற்றமும் தெளிவான ஒலியும் வேண்டும். இரைச்சல் கலந்த பதிவில் லகரமும் ளகரமும் ஒன்றுபோலவே கேட்கும். ஒளிப்படக் கருவியில் சிக்கனம் செய்யும் ஆசிரியர், நல்ல ஒலிவாங்கி ஒன்றிற்குச் செலவிடுதல் தகும்.